பன்னிரண்டு வாக்கியங்களுக்கு ஒரே சாட்சி

எங்கள் ஆபீசில் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் கிடையாது. எனக்குச் "சிவப்பு மை" என்று பெயர். பேனாவைப் பார்த்து வைத்தார்களா, என் மூஞ்சியைப் பார்த்து வைத்தார்களா என்று இதுவரை நான் கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லித் தொலைப்பார்கள். அது கிடக்கட்டும், நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை. பத்தொன்பது வருஷமாக என் எதிர் மேஜையில் உட்கார்ந்திருக்கிற "பன்னெண்டு" பற்றி.

இங்கிலீஷ் கற்றுக்கொள்கிறவர்களுக்குப் பயிற்சிப் புத்தகம் போடுவது எங்கள் தொழில். மூன்றாம் மாடியில் இரண்டு அறை, ஒரு இரும்பு அலமாரி, மூன்று பேர். மேலே ஒரு வார்த்தை, கீழே அந்த வார்த்தை வருகிற பன்னிரண்டு வாக்கியம். படிக்கிறவர் அதைப் பார்த்து எழுதி, வாய்விட்டுச் சொல்லி, தானாகப் பேசப் பழக வேண்டும். வாக்கியத்தை எழுதுவது அவள், திருத்துவது நான், விற்பது முதலாளி. இதில் கெட்ட பெயர் எடுப்பதற்கென்று நேர்ந்துவிடப்பட்டவள் நான் ஒருத்திதான்.

அவளுக்கு முன்னால் ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். "என் மாமாவிடம் ஒரு யானை இருக்கிறது" என்று எழுதுவார். எந்த ஊரில் எந்த மாமாவிடமய்யா யானை இருக்கிறது? முதலாளிக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கு ஒரு சட்டம் போட்டார். இனிமேல் வாக்கியம் எல்லாம் ஓர் அட்டையில் வர வேண்டும். அட்டையின் இடது பக்கம் வாக்கியம், வலது பக்கம் சாட்சி. அந்த வாக்கியத்தில் சொன்னதைச் செய்த நிஜ ஆள் யார் என்று வலது பக்கம் எழுத வேண்டும். "பூக்கடைக்காரர்", "என் சித்தி", "தபால்காரர்" இப்படி. ஒரே ஆள் ஓர் அட்டையில் இரண்டு தடவைக்கு மேல் சாட்சியாக வரக்கூடாது. வந்தால் சிவப்பு மை.

யானை மாமாக்காரர் ஒரே வாரத்தில் வேலையை விட்டுவிட்டார். பிறகு வந்தவள்தான் இவள். வேலைக்கு வந்த அன்றைக்கு முதலாளி "குடை" என்று வார்த்தை கொடுத்து மூன்று வாக்கியம் எழுதச் சொன்னார். மூன்றாவதாக எழுதினாள்: "என் வீட்டுக்காரர் குடையை வாங்குவது தொலைப்பதற்காகத்தான்." முதலாளி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். நான் சிரித்ததை அந்த ஆபீஸ் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அவள் வேலை செய்கிற விதமே தனி. காலையில் வந்ததும் வார்த்தையைப் பார்ப்பாள். பத்தரைக்குப் பையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிவிடுவாள். பஸ் நிறுத்தம், தபால் ஆபீஸ், காய்கறிக் கடை, பாலம் என்று ஒரு சுற்று. யார் வாயையும் பிடுங்க மாட்டாள். ஓரமாக நிற்பாள், பார்ப்பாள், துண்டுச் சீட்டில் கிறுக்கிக்கொள்வாள். பன்னிரண்டு மணிக்குப் பன்னிரண்டு சீட்டோடு வந்து நிற்பாள். "பொறுமை" என்ற வார்த்தைக்கு அவள் கொண்டுவந்த ஒன்றைச் சொல்கிறேன்: "காய்கறிக் கடைக்காரர் கூட்டத்திடம் பொறுமையாக இருப்பார், தராசிடம் மட்டும் கத்துவார்." நானும் அதே கடையில் இருபது வருஷமாகக் காய் வாங்குகிறேன், என் கண்ணில் பட்டதே இல்லை. போய்ப் பார்த்தேன். மனுஷன் தராசைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

இந்த ஊருக்கு அவள் வந்து இருபத்திரண்டு வருஷம். வீட்டுக்காரருக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை, அதற்காக வந்தார்கள். வந்த புதிதில் ஒரு வருஷம் அழுதாளாம். ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டுச் சுவர், கதவைத் திறந்தால் படிக்கட்டு, பேச ஒரு ஆள் இல்லை. இதை அவளே ஒருநாள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி சாதாரணமாகச் சொன்னாள். "அப்புறம் சரியாயிடுச்சு அக்கா. ஆனா அவருக்குத்தான் எப்பவும் ஊர் நினைப்பு. அடுத்த வருஷம் போயிடலாம், அடுத்த வருஷம் போயிடலாம்னு சொல்லிட்டே இருப்பார்." வெளியூரிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள், யாரும் போனதில்லை என்று நானும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, பத்தரை தாண்டியும் அவள் இறங்கவில்லை. பேனாவை மூடுவதும் திறப்பதுமாக உட்கார்ந்திருந்தாள். என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். ஒன்றுமில்லாதவள் எதற்குப் பேனா மூடியைச் சித்திரவதை செய்கிறாய் என்று ஒரு அதட்டல் போட்டதும் சொன்னாள்.

"வீட்டுக்காரரோட அண்ணன் போன் பண்ணினார் அக்கா. ஊர்ல மோட்டார் ரிப்பேர் பட்டறை வச்சிருக்காருல்ல, அது பெருசாயிடுச்சாம். 'தனியா சமாளிக்க முடியல, நீ வந்து பாதியை எடுத்துக்கோ'ன்னு கூப்பிடுறார். சனிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம். இல்லன்னா வேற ஆளைச் சேர்த்துக்குவாராம்."

"உன் வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"நல்ல வாய்ப்புதான்னு சொன்னார். பொண்ணும் கல்யாணமாகிப் போயிட்டா, இங்க நம்மளைப் பிடிச்சு வைக்க எதுவும் இல்லையேன்னார்."

"நீ என்ன சொன்னே?"

"உங்க இஷ்டம்னு சொன்னேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "உனக்குப் போகணுமா, வேண்டாமா? அதைச் சொல்லு."

பேனாவைக் கீழே வைத்தாள். "எனக்குப் போக வேணாம் அக்கா. அந்தத் தபால் ஆபீஸ், அந்தப் பாலம், இந்த மேஜை. இதையெல்லாம் விட்டுட்டு நான் அங்க போய் என்ன பண்ணுவேன்?"

"அப்ப அதை அவர்கிட்ட சொல்லேன்டி."

"இருபத்திரண்டு வருஷமா அந்த மனுஷன் ஆசைப்பட்டது. கைக்கு வர்ற நேரத்துல நான் எப்படிக் குறுக்கே விழறது?"

சிவப்புப் பேனாவைத் திறந்துகொண்டு என் வேலையைப் பார்த்தேன். உள்ளுக்குள் எனக்கும் பகீரென்றுதான் இருந்தது. பத்தொன்பது வருஷம் எதிரில் உட்கார்ந்தவள். அவள் போய்விட்டால் மறுபடியும் யானை வைத்திருக்கிற மாமாவைத் திருத்திக்கொண்டு நான் உட்கார வேண்டும்.

அந்த வாரம் எங்கள் கையில் இருந்தது ஊர்க்காரர்கள் புத்தகம். இங்கிலீஷில் ஊர்ப் பெயரோடு ஒரு சின்ன வாலை ஒட்டிவிட்டால் அந்த ஊர்க்காரர் என்று ஆகிவிடும். ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு வால். உலகத்துப் பெரிய ஊர்கள் நாற்பதுக்கு, பேப்பரில் செய்தியாக வந்த ஆட்களைச் சாட்சியாக வைத்து, எழுதி முடித்திருந்தாள். நாற்பத்தோராவதாக, கடைசிப் பக்கத்தில், எங்கள் ஊர் வர வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. வியாழக்கிழமை காலையில் அந்த வார்த்தையை அவளிடம் கொடுத்தார்.

அவள் கீழே இறங்கவில்லை. பை ஆணியிலேயே தொங்கியது. குனிந்தவள் நிமிராமல் எழுதி, அரை மணி நேரத்தில் அட்டையை என் மேஜையில் வைத்துவிட்டு டீ போடப் போனாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இடது பக்கத்தைப் படித்தேன். அவள் எழுதியது இங்கிலீஷில், நான் தமிழில் சொல்கிறேன். "எங்கள் ஊர்க்காரர் பஸ் வருவதற்கு முன்பே பஸ்ஸைத் திட்டத் தொடங்கிவிடுவார்." "மழைக் காலத்தில் குடையோடு போகும் ஊர்க்காரரை நான் பார்த்ததில்லை." "வழி கேட்டால் ஊர்க்காரர் விரலை நீட்ட மாட்டார், கூடவே நடந்து வந்து விட்டுவிட்டுப் போவார்." "பாலத்தைக் கடக்கும் ஊர்க்காரர் எவ்வளவு அவசரமானாலும் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்று எட்டிப் பார்ப்பார்." "நாள் முழுக்க ஊரைக் குறை சொல்லும் ஊர்க்காரர், வேறு யாராவது குறை சொன்னால் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார்." இப்படிப் பதினொன்று. பன்னிரண்டாவது: "அவர் பிறந்தது வேறெங்கோ, ஆனால் அவர் இந்த ஊர்க்காரர்." படித்து முடித்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள், என் ஊரை இப்படி ஒருத்தி எழுதி வைத்திருக்கிறாளே என்று பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு வலது பக்கத்தைப் பார்த்தேன். முதல் வரியில் "வீட்டுக்காரர்". இரண்டாவதில் "வீட்டுக்காரர்". மூன்றில், நான்கில், கடைசி வரைக்கும் அதே. ஒரு வரி விடாமல் வீட்டுக்காரர்.

டீயோடு வந்தவளிடம் அட்டையைத் திருப்பிக் காட்டினேன். "என்னடி இது?"

பார்த்தாள். முகம் வெளுத்துப் போனது. அவளே கவனிக்கவில்லை என்று தெரிந்தது. "அய்யோ, பன்னெண்டும் அவரா?" என்றாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் செய்த முதல் தப்பு.

"ஒருத்தருக்கு ரெண்டுதான். பத்தை நான் அடிச்சாகணும்."

"அடிங்க அக்கா. சட்டம்னா சட்டம்தானே." உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்த ஊர்னு நினைச்சேன். வேற யாரும் கண்ணுல வரல, அவர்தான் வந்துட்டே இருந்தார். இந்த ஊரை விட்டுப் போறதுக்குத் துடிக்கிற ஆள்தான் இந்த ஊருக்கு என் கண்ணுல சாட்சியா நிக்கிறார். பைத்தியக்காரத்தனம்."

பேனாவை எடுத்தேன். மனசு வரவில்லை. அட்டையை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். முதலாளி கேட்டதற்கு, திருத்தம் நிறைய என்று சொல்லி முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டேன். அந்த முகத்தைப் பார்த்தால் அவர் மேற்கொண்டு கேட்க மாட்டார்.

வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்து மழை. சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு போக வீட்டுக்காரர் வருவதாகச் சொல்லியிருந்தார். அரை மணி நேரம் தாமதமாக, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நின்றார். தோளில் கருவிப் பை, கையில் குடை இல்லை.

"மன்னிச்சுக்கோங்க அக்கா, லேட்டாயிடுச்சு. இந்த ஊர் பஸ்ஸை நம்பினவன் உருப்பட மாட்டான்" என்று ஆரம்பித்தார். "இறங்கினா ஒரு அம்மா கண் ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டாங்க. சொன்னாப் புரியாதுன்னு வாசல் வரைக்கும் கொண்டு போய் விட்டுட்டு வர்றேன். பாலத்துல பார்த்தேன், தண்ணி நல்லா ஏறியிருக்கு."

நான் அவளைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நின்ற இடத்தில் நான்கு வாக்கியம் ஆகிவிட்டது. எனக்குள் இருந்த விஷமம் தலைதூக்கியது.

"பஸ்ஸை மட்டும் சொல்வானேன் தம்பி" என்றேன். "இந்த ஊர் லிஃப்ட் எல்லாத்தையும் கழட்டிப் பழைய இரும்புக்குத்தான் போடணும். ஒண்ணாவது உருப்படியா ஓடுதா?"

பையைக் கீழே வைத்துவிட்டார். "தெரியாமப் பேசாதீங்க அக்கா. மார்க்கெட் பக்கத்துக் கட்டடத்து லிஃப்ட்டுக்கு நாப்பத்தொரு வயசு. இன்னைக்கும் ஒரு உலுக்கல் இல்லாம நிக்கும். ஆஸ்பத்திரி லிஃப்ட்ல ஒரு டம்ளர் தண்ணியை வச்சு மேல அனுப்புங்க, ஒரு சொட்டு சிந்துதா பாருங்க. நம்ம ஊர் லிஃப்ட்டைக் குறை சொல்ல எவனுக்கும் யோக்கியதை இல்ல."

"எந்த ஊர் லிஃப்ட்டை?"

"நம்ம ஊர்" என்றவர் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

நான் இழுப்பறையைத் திறந்து அட்டையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "படிங்க. உங்களுக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே."

"அக்கா, வேணாம்" என்றாள் அவள். நான் கேட்கவில்லை. அவர் ஈர விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து மெதுவாகப் படித்தார். குடை வரியில் நின்றார். "இன்னைக்கு மறந்துட்டேன், அவ்வளவுதான்."

"எந்த நாள் மறக்கல?" என்றாள் அவள், தன்னை மறந்து. உள் அறை வாசலில் பிஸ்கட் டப்பாவோடு நின்றுகொண்டிருந்த முதலாளி சிரித்துவிட்டார்.

அவர் மேலே படித்தார். கடைசி வரி வந்ததும் விரலை வலது பக்கம் நகர்த்தினார். மேலிருந்து கீழ் வரைக்கும் ஒருமுறை, கீழிருந்து மேல் வரைக்கும் ஒருமுறை பார்த்தார். "எல்லாமே நானா?"

"தெரியாம எழுதிட்டேங்க" என்றாள்.

அவர் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பேச மாட்டாள் என்று எனக்குத் தெரியும். உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டு, மூட்டை கட்டிக்கொண்டு பின்னாலேயே போய்விடுவாள். எனக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "தம்பி, நாளைக்கு உங்க அண்ணனுக்குப் பதில் சொல்லணும். இவளுக்குப் போக வேண்டாம். திங்கக்கிழமையிலிருந்து உள்ளுக்குள்ளேயே வச்சுப் புழுங்கிட்டு இருக்கா. நான் சொன்னது தப்புன்னா என்னைத் திட்டிக்கோங்க."

அவர் அவள் பக்கம் திரும்பினார். "போக வேணாமா?"

அவள் தரையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள். "வேணாம்."

"அப்ப ஏம்மா சொல்லல?"

"எப்படிச் சொல்றது? நீங்கதான் வருஷா வருஷம் போயிடலாம் போயிடலாம்னு சொல்லிட்டு இருந்தீங்க. உங்களுக்கு அவ்வளவு ஆசைன்னு நினைச்சு நானும் தலையாட்டிட்டே இருந்தேன்."

அவர் மெதுவாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். சட்டையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. "அது நான் உனக்காகச் சொன்னது" என்றார். "வந்த வருஷம் தினமும் அழுதே. என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல. ஒருநாள் 'அடுத்த வருஷம் ஊருக்குப் போயிடலாம்'னு சும்மா சொன்னேன். உடனே அழுகையை நிறுத்திட்டு எழுந்து முகம் கழுவினே. சரி, இதைச் சொன்னா உனக்குத் தெம்பா இருக்குன்னு அதிலிருந்து விடாம சொல்லிட்டு வர்றேன். அண்ணன் கூப்பிட்டப்போகூட, இப்பவாவது உன்னைக் கூட்டிட்டுப் போயிடணும்னுதான் தோணுச்சு. எனக்கு அங்க என்னம்மா இருக்கு? அந்த ஊர்ல லிஃப்ட்டே மொத்தம் ரெண்டுதான்."

அவளுக்கு முதலில் கண் நிறைந்தது, பிறகு சிரிப்பு வந்தது, இரண்டும் ஒன்றாக வந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவர் அவள் தோளில் கை வைத்தார். நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோமே என்று கையை எடுத்தார். பிறகு போகட்டும் என்று மறுபடியும் வைத்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒரே வீட்டில், ஒரே பாத்திரத்துச் சோற்றைத் தின்றுகொண்டு, இருபத்திரண்டு வருஷம் ஒருத்தருக்காக ஒருத்தர் இரண்டு பேருமே போக விரும்பாத ஊருக்குப் போவதாகப் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். "உங்க ரெண்டு பேரையும் உக்கார வச்சு முட்டி போடச் சொல்லணும்" என்றேன். உட்கார வைத்து எப்படி முட்டி போடுவது என்று முதலாளி கேட்டார். நீங்கள் பிஸ்கட்டைச் சாப்பிடுங்கள் என்றேன்.

அவர் அங்கேயே போனை எடுத்தார். "அண்ணா, கோவிச்சுக்காதே. என்னால வர முடியாது" என்றார். அண்ணன் ஏதோ நீளமாகக் கேட்டார். இவர் பதில் தேடி, அட்டையைப் பார்த்தார். "இல்லண்ணா, நான் இந்த ஊர்க்காரனாவே ஆயிட்டேன். இங்க எழுதியே வச்சுட்டாங்க" என்றார். அண்ணன் திட்டியிருப்பார் போல, போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். கடைசியில் இரண்டு பேரும் சிரித்துத்தான் வைத்தார்கள்.

கிளம்பும்போது என் குடையைக் கொடுத்தேன். அது திரும்பி வராது என்று தெரிந்தேதான் கொடுத்தேன்.

அதற்காகச் சட்டத்தை விட முடியுமா? சனிக்கிழமை காலையில் பத்து வரியை அடித்துக் கையில் கொடுத்தேன். குடையும் வழி கேட்ட வாக்கியமும் மட்டும் அவருக்கு. அவள் ஆணியிலிருந்து பையை எடுத்து மாட்டிக்கொண்டு, பத்தரைக்கு டாணென்று கீழே இறங்கினாள். படிக்கட்டில் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. அந்த வாரத்தில் முதல் தடவையாக நான் நிம்மதியாக டீ குடித்தேன்.

பன்னிரண்டு மணிக்குப் புது அட்டை வந்தது. தபால்காரர் இருந்தார், பூக்கடைக்காரர் இருந்தார், காய்கறிக் கடைக்காரரும் அவர் தராசும் இருந்தார்கள். "எங்கள் ஊர்க்காரர் திட்டுகிறார் என்றால் பாசமாக இருக்கிறார் என்று அர்த்தம்" என்று ஒரு வரி. அதன் சாட்சி நான். அடிக்கலாமா என்று யோசித்தேன், விட்டுவிட்டேன்.

பன்னிரண்டாவது வரியை மாற்றியிருந்தாள். "அவள் பிறந்தது வேறெங்கோ, ஆனால் அவள் இந்த ஊர்க்காரி." வலது பக்கம் காலியாக இருந்தது.

"சாட்சி எங்கே?" என்றேன்.

"அது நான்தான் அக்கா. ஆனா என்னைப் பத்தி நானே எழுதிக்க ஒரு மாதிரியா இருக்கு." கொஞ்சம் தயங்கினாள். "நீங்க இங்கேயே பிறந்தவங்க. எனக்காக நீங்க சாட்சி சொல்வீங்களா?"

அந்த அட்டைகளில் நான் இதுவரை அடித்திருக்கிறேனே தவிர, எதையும் எழுதியதில்லை. சிவப்புப் பேனாவைத் திறந்தேன். வலது பக்கத்தில் என் சொந்தப் பெயரை, இனிஷியலோடு சேர்த்து, முழுசாக எழுதிக் கொடுத்தேன். அவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, உள் அறைக்கு, முதலாளியிடம் எடுத்துக்கொண்டு போனாள்.